ரங்கூன் வூட்டு மாவு

இங்கிலீஷ் பேப்பர் கைக்கு வந்தால் நான் முதலில் ஒன்றைத்தான் தேடுவேன். பிழைக்க வந்தவர்களைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல்லை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. தெரியட்டும். அந்தச் சொல்லை என் பெயரைப் போல எத்தனையோ வருடம் சுமந்தவள் நான். 'இமிக்ரன்ட்' என்பதை அவர்கள் ஒருநாளும் தனியாகத் தெருவில் விடமாட்டார்கள். கட்டுப்பெட்டியான வீட்டுப் பெண்ணை அனுப்புவதுபோல, கூடவே ஒரு துணையைச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தத் துணை யார் என்று பார்த்தாலே, எழுதினவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

நான் பிறந்தது ரங்கூனில். அப்பா அங்கே ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. சாயங்காலம் கம்பெனியிலிருந்து பழைய பேப்பர் கொண்டுவருவார், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த நான் அதை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன். 'இமிக்ரன்ட் லேபர்' என்று வரும். 'சீப் லேபர்' என்று வரும். 'லார்ஜ் இன்ஃப்ளக்ஸ்' என்று ஒன்று அடிக்கடி வரும், ஆட்கள் திமுதிமுவென்று வந்து நிறைகிறார்கள் என்று அர்த்தம். ஒருநாள் நான், "யாருப்பா இவங்கள்லாம், இவ்வளவு பேரு வர்றாங்களாம்?" என்று கேட்டேன். அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "நாமதான்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் இருப்பவளை, வந்து நிறைகிறாள் என்று எழுதினால் சிரிக்காமல் என்ன செய்வது?

பிறகு ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. நாங்கள் நடந்தோம். அம்மாவை வழியிலேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் மற்றது எதுவும் எழுத வராது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஒரு மலை இறக்கத்தில் விழுந்து நொறுங்கிப்போனதையும், அதன் பிறகு அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே இந்தியாவுக்குள் வந்ததையும் மட்டும் சொல்லிவிடுகிறேன். வழியெல்லாம் முகாம்கள். முகாமுக்கு முகாம் எங்கள் பெயர் மாறியது. முதலில் 'ஸ்ட்ராண்டட்', அப்புறம் 'எவாக்குவீ', மதராஸ் வந்து சேர்ந்தபோது 'டெஸ்டிட்யூட் எவாக்குவீ'. கதியில்லாமல் வெளியேறி வந்தவர் என்று அர்த்தம். கடைசியில் ஓர் அதிகாரி அப்பாவைப் பார்த்து, "நேட்டிவ் பிளேஸ் எது?" என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, பாப்பாரப்பட்டியிலிருந்து ஏரியூர் போகிற பாதையில் இருக்கும் தன் ஊரைச் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் தெம்பு இருந்தது.

அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது, பெற்றோரோடு கப்பலேற விட்டுப்போன ஊர் அது. நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, தர்மபுரி வந்து, அங்கிருந்து பாதி வண்டியிலும் பாதி காலிலுமாக வந்து சேர்ந்தோம். நான் பச்சைப் பசேல் என்று ஏதோ எதிர்பார்த்திருந்தேன். சிவப்பு மண்ணும் கல்லும் புளியமரமுமாக இருந்தது. அப்பாவுக்குச் சரியாகக் கண் தெரியாததால் அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

அந்த ஊர் எங்களுக்குச் செய்ததற்கு நான் பட்ட கடனை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. அப்பாவின் பெரியப்பா மகள் ஒருவர் அங்கே இருந்தார், எனக்கு அத்தை முறை. எங்களைப் பார்த்ததும் அவர் அழவில்லை, விசாரிக்கவில்லை. "மொதல்ல களி தின்னுங்க. அப்பறம் பேசலாம்" என்றார். அதற்கு அடுத்த வாரம், எங்கள் தாத்தாவின் வீடு இருந்து இடிந்துபோன இடத்தில் ஒரு குடிசை எழும்பியது. ஒருவர் மூங்கில் கொண்டுவந்தார், ஒருவர் புல் கொண்டுவந்து வேய்ந்தார், பெண்கள் மண் குழைத்துச் சுவர் வைத்தார்கள். பேர் சொல்லி யாரையும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கிணற்றடிக்குப் போனால் நின்றுகொண்டிருக்கிற அத்தனை பேரும் விலகி எனக்கு வழி விடுவார்கள். "அவ மொண்டுக்கட்டும், பாவம், நடந்து வந்தவ" என்பார்கள். ஊரில் என் பெயரே அப்போது 'நடந்து வந்தவ' என்றுதான் இருந்தது. அந்த ஊரில் நடக்காமல் யார் வந்தார்கள் என்று எனக்கு வாய்வரை வரும், அடக்கிக்கொள்வேன்.

பேப்பர் அங்கேயும் என்னை விடவில்லை. பாப்பாரப்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய்க்குச் சேலத்திலிருந்து வரும் துணிக்கட்டுகளில் இங்கிலீஷ் பேப்பர் சுற்றி வரும். அப்பாவுக்கு அதில் ஆசை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாய் ஒவ்வொரு தாளையும் கையால் நீவி மடித்து, சந்தைக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லை, நான் வாசிப்பேன். பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதினார்கள். 'ஃப்ளட்' என்றார்கள், 'ஸ்ட்ரீம்' என்றார்கள், 'வேவ்' என்றார்கள். வெள்ளம், ஓடை, அலை. குடிக்கிற தண்ணீருக்கே கிணற்றில் இறங்கி நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்களை வெள்ளம் என்று வாசிப்பது வேடிக்கையாக இருந்தது. அப்பா, "இந்த வெள்ளம் இங்க வந்தும் நம்ம கெணறு ரொம்பலியே" என்பார்.

ஒருநாள் 'பர்டன்' என்று வந்தது. எங்களைப் போன்றவர்கள் மாகாணத்துக்குப் பாரமாம். பக்கத்தில் கொள்ளுக் களைந்துகொண்டிருந்த அத்தையிடம் தமிழில் சொன்னேன். "நாங்க ஒங்களுக்குப் பாரமாம் அத்தை. பேப்பர்ல போட்டிருக்கு."

அத்தை கையை நிறுத்தாமல், "பாரமா இல்லியான்னு தூக்கறவ சொல்லணும். அவன் எங்க தூக்குனான்?" என்றார்.

அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. முகாமிலிருந்து கூடவே வந்த இருமல் அது. கால் வீக்கமும் அப்போதே தொடங்கியிருந்தது. ஆனால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனசு முழுக்க ஆடி மாதத்தின் மேல் இருந்தது.

ஆடியில் அந்த ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும். முதல்நாள் காலையில் பம்பை அடித்துக்கொண்டு ஒருவர் முன்னே வர, கூடையோடு இரண்டு பெண்கள் பின்னே வருவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு முறம் கேழ்வரகு மாவு. ஊர்க்கவுண்டர் கூடவே வருவார். கோயிலடியில் பெரிய பானைகளில் உலை கொதிக்கும். அங்கே ஒவ்வொரு வீட்டு மாவையும் தனித்தனியாகப் பானையில் கொட்டும்போது ஊர்க்கவுண்டர் அந்த வீட்டின் பெயரைச் சத்தமாகச் சொல்லுவார். ஆள் பெயர் சொல்ல மாட்டார். 'மேட்டு வூட்டு மாவு', 'கல்லுக்கட்டு வூட்டு மாவு' என்று வீட்டின் பெயரைத்தான் சொல்லுவார். ஒரு குடும்பம் ஊர்க்கணக்கில் சேர்ந்த தலைக்கட்டாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்த வருடம் ஊர் எல்லைக்குள் சாவு விழுந்த வீட்டில் மாவு வாங்கமாட்டார்கள், வெளியில் விழுந்த சாவு கணக்கில்லை. ஆனாலும் அந்த வீட்டின் பெயரை விடாமல், 'இன்ன வூட்டு மாவு அடுத்த வருசத்துக்கு' என்று சொல்லி வைப்பார்கள். பெயரே சொல்லாமல் விடுவது வெளியாட்களை மட்டும்தான்.

அப்பாவின் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வேப்பமரத்து வீடு என்று பெயர். மாவு முறத்தை அவர்தான் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாராம். ரங்கூனில் எனக்கு அவர் சொன்ன ஊர்க்கதை இது ஒன்றுதான். கப்பலேறிய பிறகு அந்தப் பெயர் கூப்பிடாமலே நின்றுபோனது. வேப்பமரமும் போய்விட்டது. சாவதற்குள் இன்னொருமுறை அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்று எங்கள் வீட்டைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அதை அவர் என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

நாங்கள் வந்து சேர்ந்து கொஞ்ச நாளிலேயே முதல் ஆடி வந்தது. அத்தையிடம் கடன் வாங்கிய கேழ்வரகை அத்தை கையாலேயே அரைத்து முறத்தில் வைத்துக்கொண்டோம். அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, விபூதி பூசி வாசலில் நின்றார். பம்பைச் சத்தம் தெருமுனையில் கேட்டது, பக்கத்து வீட்டுக்கு வந்தது. எங்கள் வாசலுக்கு வந்தபோது பம்பைக்காரர் அடியைத் தணித்துக்கொண்டார். கூடைக்காரப் பெண்கள் எங்களைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா முறத்தோடு அப்படியே நின்றார்.

மறுநாள் ஊர்க்கவுண்டரே ஒரு சொம்பில் கூழும், வெங்காயமும் கொண்டுவந்தார். "குடிங்கண்ணா, ஆத்தா கூழு" என்றார். அப்பா வயிறு சரியில்லை என்றார். கவுண்டர் முகம் வாடிப்போய், சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் குடித்தேன். புளிப்பும் உப்புமாக நன்றாகவே இருந்தது. பசி எனக்கு ரோஷம் பார்க்க விடவில்லை.

அந்த வருடம் முழுக்க நான் கேழ்வரகு கற்றுக்கொண்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊர்க்கவுண்டர் தன் கொல்லைக்காட்டில் ஒரு துண்டை, விளைச்சலில் அவருக்குப் பங்கு என்று வாரத்துக்கு விட்டார். ரங்கூனில் ஃபிராக் போட்டுப் பள்ளிக்கூடம் போனவள், நாற்று நட்டேன், களை எடுத்தேன், கதிர் அறுத்தேன். இடுப்பு ஒடிந்தது. அத்தை கொடுத்த திருகையில் முதன்முதலாக நான் அரைத்த மாவைப் பார்த்துவிட்டு, "இது மாவில்ல, மணலு. கோலம் போடு" என்றார் அத்தை. போகப்போக மாவு நைசானது. அடுத்த ஆடிக்கு யாரிடமும் கடன் வாங்காத, என் கையால் விளைந்த மாவு முறத்தில் இருந்தது. அப்பா மறுபடி குளித்தார், மறுபடி வாசலில் நின்றார். இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடை மறுபடி எங்களைத் தாண்டிப் போனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே கோயிலடிக்குப் போய், உலைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ஊர்க்கவுண்டர் முன்னால் நின்றேன்.

"எங்க வூட்டு மாவு மட்டும் ஏங்க வேணாம்? எங்களுக்கு என்னா தீட்டா?"

அவர் பதறிப்போனார். "ஏம்மா அப்டிப் பேசற? ஒங்கள யாரு ஒதுக்குனது? பர்மாலருந்து பொணத்தத் தாண்டித் தாண்டி நடந்து வந்தவங்க நீங்க. ஒங்ககிட்ட ஒரு முறம் மாவு வாங்கி ஊத்துனா, ஆத்தா எங்கள சும்மா வுடுவாளா? விருந்தாளிக்குப் போடறதுதான் மொற. வாங்கறது பாவம்மா."

"எத்தினி வருசத்துக்குங்க விருந்தாளி?"

அவர் தலையைச் சொறிந்தார். "இரு தாயி, நல்லா இரு. அதுக்கின்னா கணக்கு" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. புகையாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டலாம் என்று வந்தவளுக்குத் திட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை. எங்களை ஒதுக்கவில்லை, தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து எங்களால் கீழே இறங்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர், "பேப்பர்ல போட்டது செரிதான். ஷெல்டர் குடுக்கறாங்க, ரிலீஃப் குடுக்கறாங்க, எல்லாம் குடுக்கறாங்க. நம்மகிட்டருந்து வாங்கறதுக்குத்தான் ஒரு வார்த்தையும் இல்ல" என்றார்.

அதன் பிறகு நான் பேப்பரைக் கவனித்து வாசித்தேன். அப்பா சொன்னது நிஜம். சேர்த்துக்கொள்வார்கள், அனுமதிப்பார்கள், குடியேற்றுவார்கள், உதவி வழங்குவார்கள், திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் செய்கிறார், வந்தவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வந்தவர் வீட்டு மாவை வாங்கினார்கள் என்று எந்தப் பேப்பரிலும் நான் கண்டதில்லை.

அடுத்த கோடையில் பாய் பேப்பருக்குப் பதிலாக ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார். இடுப்பில் பெண் குழந்தையோடு சந்தை வண்டியில் வந்து இறங்கினாள். வண்டிக்காரர், "பாய் சொன்னாருங்க, இவங்களும் ரங்கூன் ஆளுங்களாம். ஆரையும் தெரியாத எடத்துல திண்டாடறாங்க, ஒங்க வூட்ல கொண்டுபோய் வுடச் சொன்னாரு" என்றார். அவள் தெலுங்குக்காரி. புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்து அங்கேயே செத்துப்போய்விட்டான். மதராஸில் வீட்டு வேலை செய்து பார்த்துவிட்டு, ஓசூர்ப் பக்கம் இருந்த புருஷனின் சொந்தக்காரர்களைத் தேடிப் போயிருக்கிறாள். அங்கே வீடு பூட்டிக் கிடந்ததாம், ஆட்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல நாதியில்லை. அலைந்து அலைந்து பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு வந்தபோது பாய் கண்ணில் பட்டிருக்கிறாள். ரங்கூன் தெருவில் பேசிப் பழகிய தெலுங்கு எனக்குக் கொஞ்சம் இருந்தது. "அக்கா, வாங்க" என்றதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எங்களிடம் இருந்தது ஒரே அறை. அப்பா தன் கயிற்றுக்கட்டிலை வெளியே போடச் சொன்னார். அவளுக்கும் குழந்தைக்கும் உள்ளே இடம். தட்டுப்பாடான காலம், எங்கள் களியே சின்னக் களி. அதைப் பிரித்தோம். குழந்தைக்குப் பெரிய உருண்டையை வைத்தோம்.

வந்த அலைச்சலில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அது தணிந்து எழுந்ததும் திருகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு, "நீங்க இருங்கக்கா, பாவம், எவ்வளவு தூரம் அலஞ்சிட்டு வந்தீங்க" என்றேன். மறுநாள் தண்ணீர்க் குடத்தை எடுத்தாள், பிடுங்கிக்கொண்டேன். அடுத்த நாள் வாசல் பெருக்கப் போனாள், விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன். இப்படியே போனது. ஒருநாள் அவள் என் முன்னால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, "என் கை என்னா ஒடிஞ்சா போச்சி? இல்ல தொட்டா மாவு கெட்டுப்பூடுமா?" என்று மதராஸ் தமிழில் சீறினாள்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊர்க்கவுண்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றது ஏனென்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. ஒருவர் மேல் பரிவு வந்துவிட்டால் அவரிடமிருந்து எதையும் வாங்கக் கை வராது. ஊர் முழுக்க எங்கள் மேல் அவ்வளவு பரிவாக இருந்திருக்கிறது. நான் திருகையை அவள் பக்கமாகத் தள்ளினேன். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் கைப்பிடி முளையைப் பிடித்துச் சுற்றினோம். வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

மூன்றாவது ஆடி வந்தபோது அப்பா எதற்கும் தயாராக இல்லை. கால் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு அவர் குளிக்கவில்லை, வேட்டி மாற்றவில்லை, மாவைப் பற்றி என்னிடம் கேட்கவும் இல்லை. பம்பைச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் வழக்கம்போலத் தணியும் என்று எதிர்பார்த்தேன். தணியவில்லை. எங்கள் வாசலிலேயே நின்று அடித்தது.

ஓடிவந்து பார்த்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் நின்றார்கள். ஊர்க்கவுண்டர் எங்கள் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வாசலில் உட்கார்ந்து களி உருண்டையைக் கன்னமெல்லாம் பூசிக்கொண்டிருந்தது.

"மாவு கொண்டாங்க" என்றார் கவுண்டர்.

எனக்குப் புரியவில்லை. "விருந்தாளிகிட்ட வாங்கறது பாவம்னீங்களே?"

"ஒங்க வூட்லயே விருந்தாளி ஒக்காந்து களி தின்னுது. அப்பறம் ஒங்கள எப்டிம்மா விருந்தாளின்னு சொல்றது? ரெண்டு மாசமா எனக்கு இதே ரோசனதான்" என்றார்.

ராத்திரிக் களிக்காக நாங்கள் இருவரும் அரைத்து வைத்திருந்த மாவு மட்டும்தான் வீட்டில் இருந்தது. தெலுங்கு அக்கா அத்தனையையும் முறத்தில் கொட்டி வாசலுக்குக் கொண்டுவந்தாள். கவுண்டர் கையைக் காட்டித் தடுத்தார். "நீ குடுக்கக் கூடாதும்மா. நீதான் விருந்தாளி. அண்ணன் கையால குடுக்கட்டும்."

அப்பா அதற்குள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பக்கமும், சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை ஒரு பக்கமுமாகத் தாங்கிக்கொண்டோம். அழுக்கு வேட்டியோடு, குளிக்காமல், விபூதியில்லாமல், அவர் முறத்தைச் சாய்த்தார். கூடை சரியாகத் தெரியாமல் பாதி மாவு கூடைக்காரப் பெண்ணின் புடவையில் விழுந்தது. அவள் புடவையை உதறி அதையும் கூடையில் சேர்த்துக்கொண்டாள்.

கோயிலடிக்கு அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். உலை கொதித்தது. 'மேட்டு வூட்டு மாவு' என்று சொல்லிக் கொட்டினார்கள், 'கல்லுக்கட்டு வூட்டு மாவு' என்று கொட்டினார்கள். எங்கள் மாவை எடுத்ததும் கவுண்டர் தயங்கினார். வேப்பமரம் இல்லை. அந்தப் பெயர் அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. இத்தனை வருடம் அப்பா காத்திருந்தது அந்தப் பெயருக்காக. கவுண்டர் குரலை உயர்த்தினார்.

"ரங்கூன் வூட்டு மாவு."

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். எங்கள் ரங்கூனுக்குப் பக்கத்தில் எத்தனையோ சொற்களை உட்கார வைத்து நான் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். வூடு என்ற சொல்லை அதற்குப் பக்கத்தில் வைத்தது அந்த ஊர்தான். வேப்பமரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூழ் இறங்கியதும் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு சொம்பு ஊத்தச் சொல்லும்மா" என்றார். ஊர்க்கவுண்டரே ஓடிப்போய் ஊற்றிக்கொண்டு வந்தார்.

அந்தத் தை மாதம் அப்பா போய்விட்டார். நான் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஊரே தோள் கொடுத்தது, பாப்பாரப்பட்டி பாய் சுடுகாடுவரை வந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வீட்டில் இப்போது ஆண் துணை இல்லை. கல்யாணமாகாத ஒரு பெண், தாலியறுத்த ஒரு தெலுங்குப் பெண், ஒரு குழந்தை. இது ஒரு தலைக்கட்டா என்று ஊர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அப்பா இரண்டு சொம்பு கூழ் குடித்துச் சம்பாதித்த பெயர் அவரோடேயே போய்விடுமோ என்று ஆடி வரைக்கும் மனசு அடித்துக்கொண்டது.

ஆடியில் கூடை எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. சாவு விழுந்த வீடு, வாங்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் நிற்கவில்லை. கோயிலடிக்குப் போய், கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் தனியாக நின்றுகொண்டேன். மேட்டு வீடு வந்தது, கல்லுக்கட்டு வீடு வந்தது. போன வருடம் எங்கள் மாவைக் கொட்டிய அதே இடத்தில் கவுண்டர் நிறுத்தினார். வெறுங்கையைப் பானை மேல் நீட்டி, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே திரும்பி நின்று சொன்னார்.

"ரங்கூன் வூட்டு மாவு, அடுத்த வருசத்துக்கு."

அத்தை என்னைத் தேடி வந்து, அழுகிறாயா என்றுகூடக் கேட்காமல், கையில் ஒரு சொம்பைத் திணித்துவிட்டுப் போனார். எழுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த ஊருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கூழைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தெலுங்கு அக்காவிடம் சொன்னேன். அடுத்த ஆடிக்கு வேண்டிய கேழ்வரகை அன்றைக்கே தனியாக ஒரு பானையில் எடுத்துவைத்து, அதன் வாயை மண் பூசி மூடினோம்.